குவாட் எஞ்சினுக்கு முதல்முறையாக டேப்பெட் செட் பண்ணியபோது

குவாட், அதாவது கரடுமுரடான பாதையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி, வைத்திருப்பவர்கள் ஆயில் மாற்றுவதைப் பெரும்பாலும் தாங்களே செய்துகொள்வார்கள். ஏர் ஃபில்டரைக் கழுவுவார்கள், செயினின் தொய்வைச் சரிசெய்வார்கள், பிரேக் பேட்கூட மாற்றுவார்கள். டேப்பெட், அதாவது எஞ்சின் வால்வின் நுனியில் இருக்க வேண்டிய இடைவெளியைச் சரிசெய்வது, என்று வந்ததும் கை தயங்கும். எஞ்சினின் தலையைத் திறந்து உள்ளே ஸ்பேனர் விட வேண்டுமே என்ற பயம். எனக்கும் அது நெடுநாள் இருந்தது. அந்த வேலையை முதல்முறையாகச் செய்து முடித்ததும், எனக்குப் புரிந்ததை எழுதிவைக்கத் தோன்றியது. முக்கியமாக ஒன்று: திருகைத் திருப்புவது இதில் சின்னப் பகுதிதான். திருப்புவதற்கு முன்னால் அங்கே என்ன இடைவெளி இருக்கிறது என்று அளந்து தெரிந்துகொள்வதுதான் பெரிய வேலை. பலனும் அதில்தான்.

என்னுடையது 400 சிசி வண்டி. ஒரே சிலிண்டர், காற்றில் குளிரும் எஞ்சின், தலையில் ஒரு கேம் ஷாஃப்ட், நான்கு வால்வ். காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் இன்டேக் இரண்டு, எரிந்த வாயு வெளியேறும் எக்ஸாஸ்ட் இரண்டு. கொஞ்ச காலமாகவே காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. சோக்கை இழுத்துவிட்டு ஸ்டார்ட்டரை வெகுநேரம் சுற்றவிட்டால்தான் பிடிக்கும். ஒருமுறை சூடாகிவிட்டால் குறை சொல்ல எதுவும் இருக்காது. புது பிளக் போட்டுப் பார்த்தேன், கார்புரேட்டர் ஜெட்களைச் சுத்தம் செய்தேன். மாற்றமில்லை. டேப்பெட்டாக இருக்குமோ என்ற எண்ணம் கடைசியில்தான் வந்தது, ஏனென்றால் டேப்பெட் சத்தமே கேட்கவில்லை.

காதை நம்புவதில் உள்ள சிக்கல் இதுதான். இடைவெளி கூடிப்போனால், வால்வைத் தள்ளித் திறக்கும் கையான ராக்கர் ஆர்ம் அதன் நுனியில் அடிக்கும், டிக் டிக் என்று கேட்கும், யாருக்கும் தெரிந்துவிடும். இடைவெளி குறைந்துபோனால் சத்தம் எதுவும் வராது, இருந்த சத்தமும் அடங்கும். ‘எஞ்சின் நல்லா அமைதியா ஓடுது’ என்று நாம் சந்தோஷப்படுகிற நேரத்தில் வால்வ் தன் இருக்கையில் (மூடும்போது அது ஒட்டி உட்காரும் வளையம்) முழுதாக உட்காராமல் இருக்கலாம். இரண்டில் எது மோசம் என்று கேட்டால் சந்தேகமே இல்லை, சத்தம் போடாததுதான்.

சரி, இந்த இடைவெளி எதற்கு? கேம் ஷாஃப்ட்டின் மேடு ராக்கரைத் தள்ள, ராக்கர் வால்வைத் தள்ளித் திறக்கிறது. மேடு கடந்துபோனதும் ஸ்பிரிங் வால்வை மூடுகிறது. மூடியிருக்கும்போது ராக்கருக்கும் வால்வின் நுனிக்கும் நடுவே துளி இடம் இருந்தாக வேண்டும். எஞ்சின் சூடாகும்போது வால்வின் தண்டு நீளும். இடமில்லாவிட்டால் நீண்ட தண்டு ராக்கரில் முட்டி, வால்வை லேசாகத் திறந்தே வைத்துவிடும். எரியும் வாயு போகிற வழியில் இருப்பதால் எக்ஸாஸ்ட் வால்வுக்குத்தான் சூடு அதிகம், நீட்சியும் அதிகம். அதனால் பெரும்பாலான எஞ்சின்களில் எக்ஸாஸ்ட்டுக்கு இன்டேக்கைவிடக் கொஞ்சம் கூடுதல் இடைவெளி சொல்லியிருப்பார்கள். ஹோண்டா டிஆர்எக்ஸ் 400இஎக்ஸ் வண்டிக்கு இன்டேக் 0.10 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.12 மி.மீ. நாம் அச்செடுக்கிற சாதாரணத் தாள் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 0.10 மி.மீ.தான். நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. அத்தனை முறையும் அந்தத் தாள் தடிமனுக்குள்தான் விவகாரம்.

வால்வ் முழுதாக மூடாவிட்டால் இரண்டு கேடு. அழுத்தம் கசியும் என்பது முதலாவது. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாவதே இல்லை, அதோடு கம்ப்ரஷனும் குறைந்தால் பற்றுவது கஷ்டம். என் வண்டியின் காலைநேர அடத்துக்கு விளக்கம் இங்கே இருந்தது. இரண்டாவது கேடு இன்னும் பெரியது. வால்வ் தன் சூட்டின் பெரும்பகுதியை இருக்கையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிற நேரத்தில்தான் ஹெட்டுக்கு, அதாவது எஞ்சினின் தலைக்கு, கடத்துகிறது. ஒட்டவில்லை என்றால் சூடு இறங்க வழியில்லை. விளிம்பு கருகும், பிறகு அந்த ஓட்டை வழியாகவே நெருப்பு பீறிட்டு இன்னும் அரிக்கும். அதற்கப்புறம் டேப்பெட் செட் பண்ணிப் பயனில்லை. ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

இடைவெளி ஏன் மாறுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ராக்கரின் முனையும், அதில் இடைவெளியை மாற்றுவதற்காக இருக்கும் திருகின் முனையும் தேய்ந்தால் இடைவெளி கூடும். வால்வின் முகமும் இருக்கையும் தேய்ந்தால் வால்வ் ஹெட்டுக்குள் இன்னும் ஏறி உட்காரும், தண்டின் நுனி ராக்கரை நோக்கி நகரும், இடைவெளி குறையும். கரடுமுரடான பாதையில் ஓடுகிற வண்டிக்கு இந்த இரண்டாவது வகைத் தேய்மானத்தைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஃபில்டரைத் தாண்டிப் போகிற நுண்தூசி முதலில் உரசிப்போவது இன்டேக் வால்வையும் அதன் இருக்கையையும்தான்.

தார் ரோட்டு வண்டியைப் போல இதில் கிலோமீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மணலிலும் சேற்றிலும் குறைந்த கியரில் ஊர்ந்து போகும்போது தூரம் ஏறாது, எஞ்சின் மட்டும் உழைத்துக்கொண்டிருக்கும். அதனால் குவாட்களின் சர்வீஸ் கையேடுகளில் மணிக்கணக்கும் கொடுத்திருப்பார்கள். புது எஞ்சினுக்கு முதல் சோதனை சீக்கிரமே வந்துவிடும். பாகங்கள் ஒன்றோடொன்று பழகுகிற அந்த ஆரம்பக் கட்டத்தில் இடைவெளி வேகமாக மாறும்.

வேலைக்கு வருவோம். எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். ஹோண்டா கையேடுகளில் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே என்று இருக்கும். தொட்டால் சுடவில்லை என்பது போதாது, இரவு முழுக்க நிற்கவிட்டுக் காலையில் ஆரம்பிப்பதுதான் நல்லது. ஹெட்டும் சிலிண்டரும் அலுமினியம், வால்வ் எஃகு. அலுமினியம் சாதாரண எஃகைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும். பாதி சூட்டில் இவை இரண்டும் எந்த நிலையில் இருக்கும் என்று ஊகிக்க வழியில்லை, கையேட்டின் எண்ணும் குளிர்ந்த எஞ்சினுக்கானது.

நேரத்தை அதிகம் தின்றது சுத்தம் செய்வது. சீட்டையும் பிளாஸ்டிக்கையும் கழற்றி, பெட்ரோல் காக்கை மூடி, டேங்கை எடுத்துவிட்டுப் பார்த்தால், ஹெட்டின் மேலே காய்ந்த சேறும் மணலும் அடையாக இருந்தன. டேப்பெட் மூடியைத் திறந்ததும் அதில் ஒரு துகள் உள்ளே விழுந்தால் அது நேராகக் கேமுக்கும் ராக்கருக்கும் நடுவே போகும். அதனால் பிரஷ், துணி, அழுத்தக் காற்று என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, விரலால் தடவினால் எதுவும் ஒட்டாத அளவுக்குத் துடைத்தேன். பிளக்கைச் சுற்றியிருக்கிற குழிக்குள்ளும் மணல் தங்கியிருக்கும். பிளக்கைக் கழற்றுவதற்கு முன்பே அதை ஊதி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் நேரே சிலிண்டருக்குள் போய்விடும். இந்தச் சுத்தத்தில் அவசரப்படுபவர் இந்த வேலையைத் தொடாமல் இருப்பதே எஞ்சினுக்கு நல்லது என்பது என் கருத்து.

பிளக்கைக் கழற்றிவிட்டால் எஞ்சினைக் கையால் சுற்றுவது லேசு. கியர் நியூட்ரலில் இருக்கட்டும். எஞ்சினின் இடது பக்க மூடியில் இரண்டு சின்ன மூடிகள் இருந்தன. ஒன்றின் உள்ளே கிராங்க்கை, அதாவது பிஸ்டனோடு இணைந்து சுற்றும் தண்டை, சுற்றுவதற்கான போல்ட், இன்னொன்றின் வழியாக அதோடு சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தில் பொறித்த குறிகள் தெரியும். சாக்கெட்டை மாட்டி, எஞ்சின் வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே மெல்லச் சுற்ற வேண்டும். ‘டி’ என்ற எழுத்தின் கோடு மூடியில் உள்ள வெட்டுக்கு நேராக வந்தால் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது. அருகிலேயே ‘எஃப்’ என்ற எழுத்தும் வரும். அது தீப்பொறி விழும் இடத்துக்கான குறி, நமக்கு வேண்டியதில்லை.

கோடு நேரானதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. முதல்முறை செய்பவர் இங்கே நிதானிக்க வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் ஒரு முழுச் சக்கரத்தில் இரண்டு தடவை உச்சிக்கு வருகிறது. ஒன்று கம்ப்ரஷன் முடிவில், இன்னொன்று எக்ஸாஸ்ட் முடிவில். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று. ஆகவே குறி இரண்டு தடவையும் அதே இடத்தில்தான் வந்து நிற்கும். நமக்குத் தேவை கம்ப்ரஷன் முடிவு, அப்போதுதான் நான்கு வால்வும் மூடியிருக்கும். எக்ஸாஸ்ட் முடிவில் எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டும் இன்டேக் திறந்துகொண்டும் இருக்கும், அங்கே அளந்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. நம்பகமான வழி இன்டேக் ராக்கரைப் பார்ப்பது. அது கீழே இறங்கி வால்வைத் திறந்து, மறுபடி மேலே ஏறிய பிறகு வருகிற ‘டி’ குறிதான் நமக்கான குறி. அங்கே நிறுத்திவிட்டு ஒவ்வொரு ராக்கரையும் விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் லேசான ஆட்டம் தெரியும். எதிலுமே ஆட்டம் இல்லையென்றால் பெரும்பாலும் ஒரு சுற்று தள்ளி நிற்கிறோம்.

பெரிய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்களில் இன்னொன்றும் உண்டு. ஸ்டார்ட் செய்யும்போது சுமை குறைய, மெதுவாகச் சுற்றுகையில் எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிற டிகம்ப்ரஷன் அமைப்பு. குறியைத் தாண்டிப் போய்விட்டோமே என்று பின்னோக்கித் திருப்பினால் சில எஞ்சின்களில் அது குறுக்கே வந்து எக்ஸாஸ்ட் அளவைக் கெடுத்துவிடும். தாண்டிவிட்டால் இன்னும் இரண்டு சுற்று முன்னோக்கியே சுற்றி வந்துவிடலாம், பிளக் இல்லாத எஞ்சினில் அது ஒரு சிரமமே இல்லை.

இப்போது ஃபீலர் கேஜ். மெல்லிய எஃகுத் தகடுகளின் கொத்து, ஒவ்வொன்றிலும் தடிமன் பொறித்திருக்கும். குவாட்டில் சட்டத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே இடம் குறைவு, நேரான தகட்டை விட நுனி வளைந்த தகடு கொண்ட கேஜ் இருந்தால் வேலை பாதியாகும். தகட்டைத் துடைத்து, ஒரு துளி எஞ்சின் ஆயில் தடவி, திருகின் முனைக்கும் வால்வின் நுனிக்கும் நடுவே மட்டமாக விட வேண்டும். சாய்ந்து போனால் இறுக்கமாகத் தோன்றும், ஆனால் அது பொய் இறுக்கம்.

எவ்வளவு இறுக்கம் சரி என்பதுதான் புதியவர்களைக் குழப்புவது. ‘லேசாகப் பிடிக்க வேண்டும்’ என்று எல்லோரும் சொல்வார்கள், லேசு என்பது கைக்குக் கை மாறும். எனக்குக் கைகொடுத்தது மூன்று தகடு முறை. 0.10 வேண்டுமென்றால் 0.08 தடையில்லாமல் போய்வர வேண்டும், 0.10 உரசலோடு நகர வேண்டும், 0.13 நுழையவே கூடாது. மூன்றும் ஒத்துப்போனால் கையின் உணர்வை நம்பியிருக்கத் தேவையில்லை. நாலைந்து தடவை இப்படிச் செய்ததும் விரலுக்கே அந்த உரசல் பழகிவிடுகிறது.

திருகை அசையாமல் பிடித்திருக்கும் லாக் நட்டில் ஸ்பேனர் வைப்பதற்கு முன் நான்கு வால்வையும் அளந்து தாளில் குறித்தேன். இதை யார் செய்தாலும் விடக் கூடாது என்று அழுத்திச் சொல்வேன். ஒருமுறை திருப்பிவிட்டால் பழைய இடைவெளி போய்விடும், எஞ்சின் எந்தப் பக்கம் தேய்கிறது என்ற தகவலும் அதோடு போய்விடும். எனக்குக் கிடைத்தவை இவை: எக்ஸாஸ்ட் இரண்டும் 0.13, 0.15. இன்டேக்கில் ஒன்று 0.07. இன்னொன்றில் என்னிடமிருந்த மிக மெல்லிய 0.04 தகடே நுழையவில்லை, விரலால் ஆட்டினால் ஏதோ இருக்கிறது என்கிற அளவுக்கு மட்டும் ஆட்டம். காலையில் ஏன் பிடிக்கவில்லை என்ற கேள்விக்கு அந்தத் தாளைப் பார்த்ததும் பதில் கிடைத்துவிட்டது. சத்தம் ஏன் வரவில்லை என்பதற்கும்தான்.

திருப்புகிற வேலை அதற்குப் பிறகு சுருக்கம். ரிங் ஸ்பேனரால் லாக் நட்டைத் தளர்த்தி, நடுவிலுள்ள திருகைத் திருப்பி, தகடு சரியாக உரசுகிற இடத்தில் நிறுத்த வேண்டும். திருகின் தலை சில எஞ்சின்களில் திருப்புளிக்கான வெட்டாக இருக்கும், சிலவற்றில் சின்னச் சதுரமாக இருக்கும். சதுரத்தைக் குறடால் பிடித்தால் முனை மழுங்கும், அதற்கென்று இருக்கிற சாவியை வாங்கிக்கொள்வதே சரி. நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே சுற்றப் பார்க்கும். அதை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு மறு கையால் நட்டை இறுக்க வேண்டும். அப்படியும் இடைவெளி துளி மாறலாம். தகட்டை வெளியே எடுக்காமல் நட்டை இறுக்கி, பிறகு இழுத்துப் பார்த்தால் மாறியது உடனே தெரியும். மாறியிருந்தால் மறுபடி தளர்த்தி, எந்தப் பக்கம் நகர்ந்ததோ அதற்கு எதிர்ப்பக்கம் ஒரு மயிரிழை முன்கூட்டியே வைத்து இறுக்கலாம். இறுக்கத்துக்குக் கையேடு ஓர் அளவு சொல்லும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் நுழையாத இடமாக இருந்தால் கை பலத்தைக் காட்டாமல் அளவாக இறுக்குவதே நல்லது, அந்த மரை மிக நுண்ணியது.

பழைய எஞ்சின்களில் ஒரு கூடுதல் கவனம் தேவை. திருகின் முனை அடிபட்டு நடுவில் குழிந்திருந்தால், தட்டையான தகடு குழியின் விளிம்பில் மட்டும் படும், உண்மையான இடைவெளி தகடு காட்டுவதைவிட அதிகமாக இருக்கும். சரியாக அளந்து வைத்தும் சத்தம் நிற்கவில்லை என்றால் இதைப் பார்க்கலாம். திருகின் மரை எவ்வளவு என்று தெரிந்தால் தகடில்லாமலேயே ஒரு கணக்கு போடலாம். மரையின் நகர்வு ஒரு சுற்றுக்கு 0.75 மி.மீ. என்றால், திருகு வால்வைத் தொட்ட இடத்திலிருந்து 48 டிகிரி பின்னோக்கித் திருப்பினால் 0.10 மி.மீ. இடைவெளி கிடைக்கும். இது திருகு நேராக வால்வின் மேல் நிற்கிற ராக்கருக்குப் பொருந்தும் கணக்கு. குழி ஆழமாக இருந்தால் திருகையே மாற்றிவிடுவதுதான் முறை.

நான்கும் முடிந்ததும் கிராங்க்கை மெல்லப் பல சுற்று சுற்றி, மறுபடி கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவந்து முதலிலிருந்து அளந்தேன். ஒரு எக்ஸாஸ்ட் மட்டும் கொஞ்சம் நகர்ந்திருந்தது, அதைத் திரும்பச் செய்தேன். பிறகு மூடிகளின் ஓ ரிங்கில் ஆயில் தடவி மூடி, பிளக்கைக் கையாலேயே முதல் மரைகளில் ஏற்றி, கிராங்க் போல்ட்டில் சாக்கெட் இல்லை என்பதைப் பார்த்துவிட்டு மற்றவற்றைப் பூட்டினேன்.

அடுத்த நாள் காலை ஸ்டார்ட்டரைத் தொட்டதுமே பிடித்தது. கொஞ்சம் டேப்பெட் சத்தம் கேட்டது, முன்பு இல்லாத மெல்லிய டிக் டிக். அது எனக்குப் பெரிய நிம்மதியைக் கொடுத்தது. ஐடிலும் ஒரே சீராக நின்றது, கார்புரேட்டரின் ஐடில் திருகைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருந்தது.

எல்லாக் குவாட்டும் இப்படி இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். யமஹா பான்ஷீ போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இந்த வால்வுகளே கிடையாது, இந்த வேலையும் இல்லை. ஹோண்டா ரீகான், பழைய ராஞ்சர் 350 போன்றவற்றில் கேம் கீழே இருக்கும், புஷ் ராட் என்கிற நீண்ட கம்பி வழியாக ராக்கர் இயங்கும். அவற்றில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.15 மி.மீ.தான். சுசுகி எல்டி-இசட் 400 போன்ற இரட்டைக் கேம் எஞ்சின்களில் திருகே இல்லை. வால்வின் மேல் ஒரு கிண்ணம், அதற்கடியில் ஷிம் என்கிற சின்ன வட்டத் தகடு. இடைவெளியை மாற்ற ஷிம்மைத்தான் மாற்ற வேண்டும், அதற்குக் கேம் ஷாஃப்ட்டையே தூக்க வேண்டும். கணக்கு எளிது. பழைய ஷிம்மின் தடிமனோடு அளந்த இடைவெளியைக் கூட்டி, வேண்டிய இடைவெளியைக் கழித்தால் புது ஷிம்மின் தடிமன். ஷிம் 1.80, அளந்தது 0.05, வேண்டியது 0.15 என்றால் 1.70. ஆனால் டைமிங் செயினைக் கழற்றிப் பூட்டுகிற வேலை அதில் இருப்பதால், முதல்முறை செய்பவர் அளப்பதைத் தானே செய்துவிட்டு, மாற்றுவதற்கு அனுபவமுள்ளவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன். அளப்பதற்குக் கேமைத் தொட வேண்டியதே இல்லை.

பழைய எண்களையும் புதிய எண்களையும் தேதி, மணிக்கணக்கோடு எழுதிக் கையேட்டுக்குள் வைத்திருக்கிறேன். இந்த முறை இரண்டு இன்டேக்கும் இறுகியிருந்ததால் ஏர் ஃபில்டர் பெட்டியைத்தான் அடுத்துப் பார்த்தேன். ஃபில்டரின் விளிம்பு உட்காரும் இடத்தில் கிரீஸ் காய்ந்து, ஓரமாகத் தூசிக்கோடு ஒன்று உள்பக்கம் வரை போயிருந்தது. அதைத் துடைத்துப் புது கிரீஸ் போட்டாயிற்று. அடுத்த சோதனையைக் கையேடு சொல்வதற்கு முன்பே, பாதி மணிக்கணக்கில் செய்யப்போகிறேன். 0.04கூட நுழையாத அந்த வால்வ் 0.10-லேயே நின்றால் சரி. அதற்குள் மறுபடி இறுகியிருந்தால் திருகைத் தளர்த்திவிட்டு ஓட்டுவதில் பயனில்லை. லீக் டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிக் கசிவைப் பார்ப்பது) செய்து, ஹெட்டைக் கழற்றி, வால்வையும் இருக்கையையும் பார்க்க வேண்டும்.